நீலமின்றி வரைந்த நீலமலை

 

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் வண்ணப் பெட்டியும் தூரிகையுமாக மலைச்சரிவில் போய் அமர்ந்தால் ஊரார் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பது ஒன்று. இதனால் என்ன பயன் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவதற்குத்தான் இத்தனை பக்கங்கள் தேவைப்படுகின்றன.

கையால் உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையை எடுத்துரைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. உயிருள்ளவற்றை உருவாக்குவது பற்றிய நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைக் கேட்டதும் அம்மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. தொழிலை விட முடியாதென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டினார்கள். ஒரு வாசலை மூடியவர்கள் மறுவாசலைத் திறந்தே வைத்தார்கள். அவ்வாசலுக்கு வெளியே மலையும் மரமும் ஆறும் நிற்கின்றன. உருவப்படம் பற்றி அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குள் நான் இங்கே புகவில்லை.

அந்த மறுவாசல் வழியே நம் முன்னோர் எத்துணை தூரம் சென்றார்கள் என்பதற்கு டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலே சான்று. கலீஃபா அல்வலீத் காலத்தில், கி.பி. 715ஐ ஒட்டி நிறைவுற்ற அப்பள்ளியின் சுவர்களில், சின்னஞ்சிறு கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து ஓர் ஆற்றையும் அதன் கரை மரங்களையும் மாடமாளிகைகளையும் அமைத்திருக்கின்றார்கள். மனித உருவம் ஒன்றுகூட இல்லை. பறவையும் விலங்கும் இல்லை. நெடுங்காலம் பூச்சுக்குள் மறைந்திருந்த அவற்றுள் பெரும்பகுதி 1920களின் இறுதியில்தான் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. ஆளில்லாத அந்த நிலத்தின் படங்களை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கின்றேன். யாரோ புறப்பட்டுச் சென்றுவிட்ட வீட்டைப் போலவும் இருக்கும். யாரோ வரவிருக்கும் வீட்டைப் போலவும் இருக்கும். பார்ப்பவர் மனத்தைப் பொறுத்தது அது.

இனி இரண்டாம் கேள்விக்கு வருகின்றேன்.

நான் இருப்பது சோலூர். பலரும் இதனைச் சோலூர்மட்டம் என்று எண்ணிவிடுகின்றனர். அது கோத்தகிரிப் பக்கம். எங்கள் ஊர் உதகையிலிருந்து தலைகுந்தா வழியாக ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில் உள்ளது. தேயிலைச் சரிவுகள், காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படித்தோட்டங்கள், படுகர் ஊர்கள், தோடர் மந்துகள், கோத்தர் வாழும் கோக்கால், இவற்றுக்கு நடுவே பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடுகள். வடக்கே நடந்தால் ஓரிடத்தில் மலை சட்டென்று முடிந்து, கீழே சீகூர் சமவெளி வெயிலில் பழுத்துக் கிடப்பது தெரியும். பிறந்தது முதல் பார்த்த காட்சிகள் இவை. 2019 ஆகஸ்ட் வரை இவற்றை நான் வரைந்ததில்லை.

அந்த ஆகஸ்டில் நீலகிரியில் பெய்த மழையை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மண் சரிந்தது, மரங்கள் சாலையில் குறுக்கே விழுந்தன. அந்த நாள்களில் என் மூத்த மகளுக்குக் காய்ச்சல். பதினொரு வயது. மரத்தை வெட்டி நகர்த்தி, ஜீப்பைத் தள்ளி, மறுபடி மரத்தை வெட்டி நகர்த்தி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாத் தொழுகையை நானே நடத்தினேன். குழி தோண்டத் தோண்ட நீர் ஊறியது. வாளியால் இறைத்து இறைத்துத்தான் அடக்கம் செய்தோம்.

சோதனைகள் யாருக்குத்தான் இல்லை? இதைவிடப் பெரிய இழப்புகளைத் தாங்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. பிள்ளைகளுக்கு நான் ஓதிக்கொடுக்கும் முதற்பாடங்களுள் ஒன்று, மழை அல்லாஹ்வின் ரஹ்மத் என்பது. மழை பெய்யும்போது ஓதும் துஆவை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளின் நாவில் ஏற்றி வைப்பது என் வேலை. அந்த ஆண்டு அப்பாடம் வந்தபோது என் நா எழவில்லை. ஒரு மூத்த மாணவனை ஓதச் சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். உள்ளே இருந்தது துக்கம் மட்டுமன்று, கோபம். மழைமீதும், எதிர்ச்சரிவின்மீதும், அந்த வழியின்மீதும் கோபம். இறைவன்மீது கோபமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் அஞ்சினேன். ஆறுதல் கூற வந்தவர்கள் ஸப்ரு என்றார்கள். எத்தனையோ வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்து நானும் அதே சொல்லைக் கூறியிருக்கின்றேன். என் வீட்டில் அச்சொல் வாயை அடைக்கும் துணியாகிவிட்டது. நானும் என் மனைவியும் மகளின் பெயரை உச்சரிக்காமலே மூன்று மாதங்கள் உண்டோம், உறங்கினோம்.

மகள் விட்டுச்சென்ற பொருள்களுள் பள்ளிக்கூடத்து வண்ணப் பெட்டி ஒன்றிருந்தது. பன்னிரண்டு வில்லைகள் கொண்ட சாதாரண கேமல் பெட்டி. நீல வில்லையின் நடுவில் அவள் தூரிகை தேய்த்துத் தேய்த்து ஒரு சிறு குழி விழுந்திருந்தது. நீலமலையில் பிறந்த பிள்ளை வேறெந்த நிறத்தை அதிகம் செலவழிப்பாள்? ஒருநாள் காரணமின்றி அதனை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "கொண்டு போங்க. அந்த நீலத்தை மட்டும் தொடாதீங்க." மூன்று மாதங்களில் மகளைப் பற்றி எங்களுக்குள் நடந்த முதற்பேச்சு அது.

ஆகவே நீலமின்றி நீலமலையை வரைய வேண்டியதாயிற்று. ஓவியம் நான் முறையாகக் கற்றதில்லை. உதகை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்தவன், அவ்வளவே. ஆனால் இந்தத் தடை எனக்கு ஆசானாக அமைந்தது. கறுப்பில் நிறைய நீர் கலந்து, பக்கத்தில் செங்காவியைத் தீட்டினால் அந்தச் சாம்பல் நிறம் நீலம் போலவே கண்ணுக்குத் தோன்றும். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஒரு மங்கிய பச்சை பிறக்கும். பெட்டியிலிருக்கும் பச்சையைவிட அதுதான் எங்கள் தேயிலைக்கு நெருக்கம். சோலை மரங்களின் பச்சையோ ஒரு பச்சையன்று. தளிர் விடும் காலத்தில் அவை செம்பும் துருவுமாக இருக்கும். நாற்பது ஆண்டுகளாக அவற்றைப் பச்சை என்றே சொல்லி வந்திருக்கின்றேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தீட்டுவதில்லை. தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். பெட்டியில் வெள்ளை வில்லை இருக்கும். அதனைக் கொண்டு மூடுபனி வரைந்தால் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். பனி இருக்குமிடத்தில் கை வைக்காமல், அதன் இருபுறமும் மலையை வரைந்து நிறுத்த வேண்டும். மேலும், முதற்பூச்சு காயாமல் அடுத்த பூச்சு பூசினால் எல்லாம் கலங்கிச் சேறாகும். சோலூரில் மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய அரைநாள் ஆகும். அடுப்பருகே வைத்துக் காய்ச்சி எடுப்போம். ஆத்திரத்தோடு அமர்பவனைக்கூடத் தாள் காத்திருக்க வைத்துவிடுகின்றது. முதல் இரண்டு வாரங்களில் நான் வரைந்தவை வெறும் கருங்கோடுகள். அவற்றையெல்லாம் கிழித்து அடுப்பில் இட்டேன். மூன்றாம் வாரம் எதிர்ச்சரிவை வரைந்தேன். அச்சரிவின் ஓரத்தில்தான் எங்கள் கபர்ஸ்தான். அதுவரை வீட்டு வாசலில் நின்று அத்திசையைப் பார்த்ததில்லை. வரைய வேண்டுமென்றால் பார்த்தாக வேண்டுமல்லவா? எவ்வளவு இருட்டு, எங்கே வெளிச்சம் விழுகின்றது, வேலியின் கோடு எங்கே திரும்புகின்றது என்று பார்த்தேன். அவ்வாறு பார்க்கும் நேரத்தில் கோபம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

இந்த மலைகளை மனச்சுமையோடு வரைந்தவர்களுள் நான் முதல்வனல்லன் என்பதைப் பின்னர் அறிந்தேன். எட்வர்டு லியர் என்ற ஆங்கிலேயரைக் கல்லூரியில் வேடிக்கைப் பாட்டுக்காரராக எங்களுக்கு அறிமுகம் செய்திருந்தார்கள். ஆந்தையும் பூனையும் படகேறிப் போகும் பாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியில் படித்திருப்பார்கள். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி பிழைப்புக்குச் செய்த தொழில் நிலக்காட்சி ஓவியம். 1812இல், இருபத்தொரு குழந்தைகள் பிறந்த குடும்பத்தில் இருபதாவதாகப் பிறந்தவர். தாய் அவரை மூத்த அக்காளின் பொறுப்பில் விட்டுவிட்டார். சிறுவயதிலேயே வலிப்பு நோய் பற்றியது. அந்நாளில் அது வெளியே சொல்லத்தகாத நோய். சாகும்வரை அதனை மறைத்தார். நாட்குறிப்பில் மட்டும் ஒரு குறியிட்டு வந்தார். அதனுடன் தீராத மனச்சோர்வும் இருந்தது. அச்சோர்வுக்குச் செல்லப்பெயர் வைப்பது போல ஒரு பெயரும் வைத்திருந்தார்.

அவர் 1848இல் உதுமானியர் ஆட்சியிலிருந்த அல்பேனியாவில் சுற்றியபோது, எல்பசான் என்ற ஊரில் வெறுந்தாளில் ஊர் எழுந்து வருவதைக் கண்ட கூட்டத்தினர், ஷைத்தான் என்று கூச்சலிட்டார்களாம். நம்மவர்கள்தாம்! இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் செய்தியை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை போலும்.

வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அழைத்ததன்பேரில் 1873 நவம்பரில் லியர் பம்பாயில் வந்திறங்கினார். 1875 ஜனவரி வரை இந்தியாவில் அலைந்தார். 1874இன் பிற்பகுதியில் குன்னூருக்கும் உதகைக்கும் வந்து இம்மலைகளை வரைந்தார். அப்போது அவருக்கு வயது 62. மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஜியார்ஜியோ என்னும் பணியாளர் ஒருவரே துணை. அவர் வரைந்த முறை எனக்கு மிகவும் உவப்பானது. நின்ற இடத்தில் பென்சிலால் விரைந்து கோடிழுத்து, இன்ன இடத்தில் இன்ன நிறம், இங்கே பாறை, இங்கே நிழல் என்று படத்தின் மீதே சொற்களை எழுதி வைப்பார். பின்னர் அமைதியாக அமர்ந்து மையூட்டி வண்ணம் பூசுவார். அந்தக் கையெழுத்தை அவர் அழிப்பதில்லை. மலையின் விலாவில் சொற்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனால் அச்சொற்களுள் நோயைப் பற்றியோ தனிமையைப் பற்றியோ ஒன்றும் இராது. யாரிடமும் சொல்லாத ஒருவர், இங்கே மஞ்சள், அங்கே ஊதா என்றே எழுதிக்கொண்டு போகின்றார். அவர் படங்களில் மனிதர்கள் இருந்தாலும் எறும்பளவே இருப்பார்கள். வெளியோ பரந்து கிடக்கும். அந்த அளவு வேறுபாட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எனக்குப் படுகின்றது.

இதே வகையில் இன்னொருவரும் உண்டு. நமக்கு உவப்பில்லாத பெயர். 1915இல் உதுமானியருக்கு எதிரான டார்டனல்ஸ் படையெடுப்பு தோல்வியுற்றுப் பதவியிழந்த வின்ஸ்டன் சர்ச்சில், மனம் இருண்டு ஒரு கிராமத்து வீட்டில் கிடந்தபோது, தம் சகோதரரின் மனைவி கொடுத்த குழந்தைகளின் வண்ணப் பெட்டியால்தான் முதன்முதலில் வரையத் தொடங்கினார். பிறகு நூற்றுக்கணக்கான நிலக்காட்சிகளை வரைந்தார். வங்கப் பஞ்சத்தை நினைக்கும் நமக்கு அவர்மீது பரிவு பிறப்பது கடினம். ஆனாலும் குழந்தைகளின் வண்ணப் பெட்டி என்று படித்த இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன்.

இவ்வளவு தூரம் கடல்கடந்து போவானேன்? நம் தமிழிலேயே இதற்கு இலக்கணம் உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார். அந்நிலத்துக்குரிய மனநிலையை உரிப்பொருள் என்றனர். மலைக்குக் கூடல், காட்டுக்குக் காத்திருத்தல், கடற்கரைக்கு இரங்கல். அகப்பாடல்களில் தலைவி தன் நெஞ்சில் உள்ளதை நேரே சொல்வதற்கு மாறாக, சுனையையும் அருவியையும் சொல்லி அவற்றுக்குள் அதனை வைத்துவிடுவாள். உள்ளுறை என்பது அதற்குப் பெயர். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்ட சூத்திரம், நாற்பது வயதை நெருங்கியபோது பொருள்பட்டது. எனக்கு வாய்த்தது மலையில் ஒரு நெய்தல். திணைகள் மயங்கலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கின்றார், நல்லவேளை.

நம் உமறுப்புலவரை எண்ணிப் பாருங்கள். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபுநாட்டை அவர் மழையும் அருவியும் வயலுமாகத் தமிழ்நிலமாகவே தீட்டிவிட்டார். பாலைவனம் அறியாமல் செய்த பிழை என்று சிலர் நகைப்பதுண்டு. நான் அப்படிக் கருதவில்லை. நபி (ஸல்) அவர்கள்மீது கொண்ட அன்பை வைப்பதற்குத் தமக்குத் தெரிந்த நிலத்தைவிடச் சிறந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததும் இத்தகைய உள்ளுறைதான். காய்வதற்காக அடுப்பருகே நான் வைத்த படங்களை என் மனைவி பார்க்கலானாள். "அந்தச் சரிவு இவ்வளவு வெளிச்சமா இருக்காது" என்பாள். "காலையில வெளிச்சமாத்தான் இருக்கு" என்பேன். "நீங்க காலையிலயும் போறீங்களா?" என்பாள். எந்தச் சரிவு என்று இருவரும் சொல்லிக்கொள்ள மாட்டோம். ஸப்ரு நாவைக் காத்தது; படம் அந்த நாவுக்கு ஒரு வேலை கொடுத்தது. ஆறு மாதங்கள் இவ்வாறு வானத்தின் நிறத்தைப் பேசிப் பேசியே மகளைப் பேசினோம். பின்பு ஒருநாள் மஃரிபுக்கு முன், வானம் பொய்யாக இருப்பதாகச் சொல்லி, தூரிகையை வாங்கி நீரில் நனைத்து, அந்த நீலக் குழியில் அவளே வைத்தாள். அன்றிரவு மகளின் பெயரைச் சொல்லி இருவரும் அழுதோம்.

தம் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள் என்பதும், வியந்து வினவிய தோழருக்கு அக்கண்ணீர் ரஹ்மத் என்று விளக்கினார்கள் என்பதும் நீங்கள் அறிந்ததே. நானும் எத்தனையோ முறை மேடையில் சொன்னதே. வானத்திலிருந்து இறங்குவதற்கும் கண்ணிலிருந்து இறங்குவதற்கும் ஒரே பெயர் வைக்கப்பட்டிருப்பது அதற்குப் பின்னர்தான் என் கருத்தில் பட்டது. மேகம் திரண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும், உள்ளும் புறமுமாக நடப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததையும் மீண்டும் படித்தேன். நாம் ஓதும் மழை துஆவும் பயன் தரும் மழையையே கேட்கின்றது. வேறு மழையும் உண்டு என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றது. இப்போது பிள்ளைகளுக்கு அப்பாடத்தை நானே நடத்துகின்றேன். முன்பு கூறாமல் விட்ட அந்தப் பாதியையும் சேர்த்துக் கூறுகின்றேன்.

துக்கம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கின்றார்கள். தீரவில்லை. யூசுஃப் (அலை) அவர்களுக்காக அழுதழுது யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின, அவர்களோ நபி. நம்மவர்க்கு மட்டும் எந்தக் கணக்கில் தீரும்? மனநோய் என்று சொல்லத்தக்க அளவில் துன்பப்படுவோர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்ணப் பெட்டியை நம்பி இருந்துவிடக் கூடாது. அதையும் சொல்லிவிடுகின்றேன்.

சனிக்கிழமை ஓதல் முடிந்தபின் விரும்பும் பிள்ளைகளுக்குத் தாளும் வண்ணமும் கொடுக்கின்றேன். சற்றுத் தடித்த தாளாக இருத்தல் நலம். மெல்லிய தாள் நனைந்ததும் அலையலையாக நெளிந்துவிடும். மலை, மரம், ஆறு, வானம் இவையே பாடம். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கின்றேன்: பிள்ளை வரைந்ததைப் பார்த்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். நிறத்தைப் பற்றிக் கேளுங்கள். தந்தை ரியாத்தில் வேலை செய்யும் ஒரு சிறுவன் ஆறு வாரங்களாக ஒரே சாலையைத்தான் வரைகின்றான். சாலையை ஏன் வரைகின்றாய் என்று நான் கேட்கவில்லை. தார் இவ்வளவு கறுப்பாகவா இருக்கும் என்றேன். மழை பெய்து நின்றபின் அப்படித்தான் இருக்கும் ஹஜ்ரத், அத்தா வந்த அன்று மழை பெய்திருந்தது என்றான். சென்ற வாரம் சாலையின் இருபுறமும் சீகை மரங்கள் வந்திருக்கின்றன. மஞ்சள் தீர்ந்துவிட்டது, இன்னொரு வில்லை வாங்க வேண்டும்.